தினை மட்டும் விற்றால் போதுமா?

பின்ச் குருவிச் சோடியை விற்கும் நம் கடைக்காரர்கள், கூடவே ஒரு பை தினையையும் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். தினையில் புரதம் சுமார் 11 சதவீதம்தான். குஞ்சு வளர்க்கும்போதும் இறகு உதிர்க்கும்போதும் அது போதாது. அவித்த முட்டையிலோ, நீரை நீக்கிப் பார்த்தால், ஏறக்குறையப் பாதி புரதமே. ஓட்டுடன் மசித்து சிறிதளவு வைத்தால் கல்சியமும் கிடைக்கும். நம் வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்குள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். பழுதான முட்டை குருவியைக் கொன்றுவிடும்.

முட்டையைப் பற்றிச் சொன்னால் தினை வியாபாரம் படுத்துவிடும் என்று சிலருக்குப் பயம். குஞ்சுகள் செத்துப்போன வீட்டார் பிறகு தினை வாங்க வருவார்களா? பற்றுச்சீட்டின் பின்புறம் இதை நாலு வரியில் அச்சிட்டுக் கொடுக்க அப்படி என்ன பெரிய செலவு?