மனிதர் இல்லாத காசி

"மனிதனே இல்லாத படம் மக்கள் கலையாகுமா?" ராம் குமாரின் காசி ஓவியங்களை அச்சுப் பிரதியிலே கண்ட ஆசிரிய நண்பரொருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். வினாவின் உருவில் வந்த தீர்ப்பு அது. அருவ ஓவியமென்றால் செல்வர் வீட்டு வரவேற்பறை அலங்காரம் என்ற சூத்திரத்தை நம்மவர் பலர் மனனஞ் செய்து வைத்திருக்கின்றனர். வகுப்பறையிலே மனனத்தைக் கண்டிப்பவர்களும் நாமே!

ராம் குமார் 1924 இல் சிம்லாவிலே பிறந்தவர். பொருளியல் கற்று, வங்கி வேலையை உதறிவிட்டுப் பாரிஸ் சென்று, அந்திரே லோத்திடமும் பெர்னான் லெஜேயிடமும் பயின்றார். அங்கே பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். ஐம்பதுகளில் அவர் தீட்டியவர்கள் வேலையற்ற இளைஞர், நகர நெருக்கடியிலே முகம் வாடிய மத்தியதர மனிதர். இந்தியிலே சிறுகதைகளும் எழுதினார். 1960 இல் ஹுசைனுடன் காசிக்குச் சென்ற பின்னரே அவர் கித்தானிலிருந்து மனித உருவம் மறைந்தது. சாம்பலும் மண்ணிறமுமாய், ஒன்றையொன்று நெருக்கி ஆற்றை நோக்கிச் சரியும் வீடுகள். காலப்போக்கில் வீடுகளுங் கரைந்து நிறத்தளங்கள். 2018 இல் மறையும்வரை நிலக்காட்சியை அவர் விடவில்லை.

இது தப்பியோட்டமாம்! சிதை எரியும் படித்துறையிலே அழும் முகமொன்றை வரைவது எளிது. காண்பவனும் இரங்கி, பிச்சையிட்டவனின் திருப்தியோடு நகர்ந்துவிடுவான். அந்த ஆறுதலைத்தான் ராம் குமார் நமக்கு மறுத்தார். அவர் படங்கள் ஏலத்திலே கோடிக்கணக்கில் விலைபோவது மெய். வாங்குபவனின் குற்றத்தை வரைந்தவன்மீது சுமத்துவது எந்த இயங்கியல்? (அவரைப் பார்த்து நிறங்கொட்டுவோருக்காக நான் வாதாட வரவில்லை.)

எங்கள் பேலியகொடைக்கு வாருங்கள். இரவெல்லாம் இரைந்த மத்திய மீன் சந்தை நண்பகலில் அடங்கிய பின், ஈரச் சீமெந்தையும் உருகும் ஐஸ்கட்டியையும் ஒட்டிக்கிடக்கும் செதிலையும் பாருங்கள். ஆளில்லை. ஆயினும் யார் முதுகு அங்கே வளைந்ததென்று தெரியாமற் போகுமா?

களனி கங்கையைத் தினமுங் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளோ சித்திரப் பாடத்திலே இரு மலை, நடுவே சூரியன், குடமேந்திய பெண் என்று வரைகின்றனர். மனிதர் உண்டு, ஊர் இல்லை. புள்ளி மட்டும் எழுபதுக்குக் குறைவதில்லை. சென்ற தவணை ஒரு மாணவன் கறுப்பும் வெள்ளியுமாய்ச் சில பட்டைகளை இழுத்து, 'சந்தை, பன்னிரண்டு மணி' என்று பெயரிட்டான். 35 புள்ளி.

போட்டவன் நான்தான். அந்தத் தாளை அவனிடம் திருப்பிக் கேட்டிருக்கிறேன், கிழித்துவிட்டதாகச் சொல்கிறான்.