விறகாகிப் போன பூங்கா

பெர்லின் நகரத்தின் நட்டநடுவில் 210 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கிறது டீர்கார்டன். நம் கணக்கில் ஐந்நூறு ஏக்கருக்கும் மேல். பிராண்டன்பர்க் அரச குடும்பத்தார் மான் வேட்டையாடுவதற்காக 16ஆம் நூற்றாண்டில் வளைத்துப்போட்ட காடு அது. 1742இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் சுற்றுவேலியை எடுக்கச் சொல்லி, காட்டை ஊர் மக்கள் உலாவும் தோட்டமாக மாற்ற உத்தரவிட்டார். 1830களில் பேட்டர் யோசெஃப் லென்னே என்ற தோட்டக்கலைஞர், வளைந்து போகும் பாதைகளும் நீரோடைகளும் சின்னத் தீவுகளுமாக இன்றைய வடிவத்தைக் கொடுத்தார்.

இவ்வளவு பழைய பூங்காவில், நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத மரங்கள் வரிசையாக நிற்கும் என்று நினைத்துக்கொண்டுதான் யாரும் உள்ளே போவார்கள். அப்படிப்பட்ட மரங்கள் அங்கே அபூர்வம். ஏறக்குறைய எல்லாமே 1949க்குப் பிறகு நட்டவை. பூங்காவுக்கு முந்நூறு வயதாகப்போகிறது. அதன் மரங்களோ நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளின் வயதுதான்.

நான் போனது மே மாதத்தில். ரோடோடென்ட்ரான் புதர்கள் பூத்துக் குலுங்கும் பருவம். நைட்டிங்கேல் பறவைகள் பாடுவதும் அப்போதுதான். ஒரு தலைநகரத்தின் நடுவில், நாடாளுமன்றத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், காட்டுப் பறவை ஒன்று தொண்டை திறந்து பாடுவதைக் கேட்டுக்கொண்டே நடப்பது பெரிய பேறு. புல்வெளியில் குடும்பங்கள் விரிப்பு போட்டு உட்கார்ந்திருந்தன. சைக்கிளில் போகிறவர்கள் பெரும்பாலும் அலுவலகத்துக்குப் போகிறவர்கள். பூங்கா அவர்களுக்கு அன்றாட வழி. நுழைவுச்சீட்டு கிடையாது. வாயிற்கதவு கிடையாது. எந்த நேரத்திலும் எவரும் நடக்கலாம்.

இந்தப் பச்சைக்குப் பின்னால் இருக்கும் கதையைத் தெரிந்துகொண்டு நடந்தால், ஒவ்வொரு மரத்தின் முன்னும் கால் தானாக நின்றுவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சிலும், 1945 வசந்தத்தில் நடந்த இறுதிச் சண்டையிலும் பூங்கா சிதைந்தது. சிதைவுக்குப் பிறகு வந்தது குளிர். நிலக்கரி இல்லை. 1946-47இன் குளிர்காலம் ஐரோப்பா முழுவதையும் உறைய வைத்த கொடிய குளிர்காலம். பெர்லின் மக்கள் கோடரியோடும் ரம்பத்தோடும் டீர்கார்டனுக்குள் போனார்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த மரங்களில் மிஞ்சியவை சுமார் 700. வெட்டிய இடத்தில் ஆயிரக்கணக்கான பாத்திகள் பிரித்து உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிட்டார்கள். இடிந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் நிழலில் பெண்கள் மண்ணைக் கொத்தும் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்கள் செய்ததை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அடுப்பில் தீயும் வயிற்றுக்குச் சோறும் இல்லாதவர்களிடம் மரத்தை விட்டுவை என்று எப்படிக் கேட்பது?

அப்போது அந்த நிலத்துக்கு வேறொரு ஆபத்தும் வந்தது. ஊர் முழுக்க மலைமலையாக இடிபாடுகள் குவிந்திருந்தன. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாத நேரத்தில், டீர்கார்டனிலேயே கொட்டி நிரப்பிவிடலாம் என்ற திட்டம் எழுந்தது. நகரத்தின் பசுமைத் திட்டப் பொறுப்பில் இருந்த ரைன்ஹோல்ட் லிங்னர் அதைத் தடுத்து நிறுத்தினார். ஓர் அதிகாரி சொன்ன ‘கூடாது’ என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அங்கே நடக்கிறபோது காலால் உணரலாம்.

1948 ஜூனில் சோவியத் படைகள், மேற்கு நாடுகளின் வசம் இருந்த மேற்கு பெர்லினுக்குப் போகும் தரைவழிகளையும் நீர்வழிகளையும் மூடின. பால் பவுடரும் நிலக்கரியும்கூட விமானத்தில்தான் வரவேண்டியிருந்தது. அந்த முற்றுகை முடிவதற்கு முன்பே, 1949 மார்ச் 17 அன்று, மேயர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர் டீர்கார்டனில் முதல் லிண்டன் மரக்கன்றை நட்டார். அடுத்த பத்தாண்டுகளில் ஜெர்மனியின் பல ஊர்களிலிருந்து நன்கொடையாக வந்த கன்றுகள் சுமார் இரண்டரை லட்சம். முற்றுகைக் காலத்தில் கன்றுகள் விமானத்திலும் வந்தன. மாவு மூட்டைக்கே இடம் போதாத விமானங்களில் மரக்கன்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். வில்லி ஆல்வெர்டெஸ் என்ற தோட்டக்கலைஞர் நடவுப் பணியை முன்னின்று நடத்தினார். போரில் எதிர்த்தரப்பில் நின்ற பிரிட்டனின் மன்னர் ஆறாம் ஜார்ஜ் மரங்களும் செடிகளும் கொடுத்தார். அவற்றைக் கொண்டு உருவான ஆங்கிலத் தோட்டத்தை 1952இல் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் அந்தோணி ஈடன் திறந்துவைத்தார்.

பசித்த ஊர் மரம் நட்டது. என் மனதை விட்டு அகலாத செய்தி இதுதான். தாங்கள் நிழலில் உட்காரப்போவதில்லை என்று தெரிந்த முதியவர்களும் அந்தக் கன்றுகளுக்குக் குழி தோண்டியிருப்பார்கள்.

பூங்காவின் குறுக்கே ஓடும் அகன்ற நேர்ச்சாலைக்கும் ஒரு கதை உண்டு. ஹிட்லரின் ஆட்சி தன் அணிவகுப்புகளுக்காக அதை 27 மீட்டரிலிருந்து 53 மீட்டராக அகலப்படுத்தியது. நாடாளுமன்றத்தின் முன்னால் நின்ற வெற்றித் தூணைப் பெயர்த்து, உயரத்தையும் கூட்டி, பூங்காவின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது. 67 மீட்டர் உயரம். 285 படிகள் ஏறி மேலே போய்ப் பார்த்தால் நாலாபக்கமும் பச்சை. கீழே ஓடும் சாலைக்கு இன்றைய பெயர் ‘ஜூன் 17 சாலை’. 1953இல் அந்தத் தேதியில் கிழக்கு ஜெர்மனியில் கிளர்ந்தெழுந்து, டாங்கிகளால் அடக்கப்பட்ட தொழிலாளர்களின் நினைவாக வைத்த பெயர்.

டீர்கார்டன் தன் கொடிய நாட்களையும் மறைத்து வைக்கவில்லை. 1919 ஜனவரி 15 இரவில் இடதுசாரிப் புரட்சியாளர் கார்ல் லீப்க்னெஹ்ட் இங்கேதான் ஏரிக்கரையில் சுடப்பட்டார். அதே இரவில் கொல்லப்பட்ட அவருடைய தோழர் ரோசா லக்சம்பர்க்கின் உடல் பூங்காவின் ஓரமாக ஓடும் லாண்ட்வேர் கால்வாயில் வீசப்பட்டது. கால்வாய்க் கரையில் அவர் பெயர் இரும்பு எழுத்துகளில் நிற்கிறது. நாடாளுமன்றத்துக்கு அருகே, நாஜிகள் கொன்ற ஐரோப்பாவின் சிந்தி, ரோமா இன மக்களுக்காகச் சிற்பி டானி கரவன் வடிவமைத்த வட்டக் குளம் 2012இல் திறக்கப்பட்டது. குளத்தின் நடுவே முக்கோணக் கல். அதன்மேல் தினமும் ஒரு புதிய பூ வைக்கப்படுகிறது. தன் நாட்டின் குற்றங்களைக் குழந்தைகள் விளையாடும் புல்வெளிக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கத் துணிவு வேண்டும்.

மரங்கள் வளர்ந்த பிறகும் நிலத்தின் மேல் கண் வைத்தவர்கள் இருந்தார்கள். கார்கள் பெருகிய காலத்தில் மேற்கு பெர்லின் நிர்வாகம் பூங்காவின் வழியாக ஒரு விரைவுச்சாலை போடத் திட்டமிட்டது. 1970களில் குடிமக்கள் திரண்டு எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. பெர்லின் சுவர் விழுந்து, நகரம் மறுபடி தலைநகரமானபோது வடக்கு தெற்காகப் போக வழி தேவைப்பட்டது. சாலையையும் ரயில் பாதையையும் பூமிக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டுபோனார்கள். 2006இல் இரண்டும் திறக்கப்பட்டன. இன்றும் கார்களும் ரயில்களும் வேர்களுக்குக் கீழே ஓடுகின்றன.

ஒரு பூங்காவின் பழமையை மரத்தின் சுற்றளவை வைத்து மட்டும் அளக்கக் கூடாது என்று டீர்கார்டன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மரம் போனால் மரம் வைக்கலாம். எழுபது ஆண்டுகளில் காடு திரும்பி வரும். நிலம் போனால் வராது. இடிபாடு கொட்டாதே என்று ஒருவர் தடுத்தார். பஞ்சத்தில் கன்று நடலாம் என்று ஒரு மேயர் முடிவெடுத்தார். சாலை வேண்டாம் என்று குடிமக்கள் நின்றார்கள். இவர்களில் ஒருவர் தளர்ந்திருந்தாலும் இன்று அங்கே நைட்டிங்கேல் பாட மரம் இருந்திருக்காது.

பெர்லினுக்குப் போகும் வாய்ப்பு வந்தால், டீர்கார்டனுக்கு ஒரு காலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். 100ஆம் எண் பேருந்து வெற்றித் தூண் வரை போகும். அங்கே இறங்கி, பெரிய சாலையை விட்டுவிட்டு, லென்னே வகுத்த வளைந்த பாதைகளில் நடங்கள். குழந்தைகளோடு போனால், அந்தக் காட்டை நட்டது பசியும் குளிரும் கண்ட மனிதர்கள் என்று அவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.