ஊர் நினைவும் கதைக் கலையும்

ஊரைப் பிரிந்தார் அதனை நினைந்து ஏங்குதல் இயல்பு. அவ்வேக்கத்தை எழுப்பும் ஆற்றல் கலைஞனுக்கு எங்ஙனம் வாய்க்கின்றது? ஊரைப் புகழ்ந்துரைப்பதனால் என்று பலர் கருதுவர். அது பொருந்தாது என்பதே எம் துணிபு. கடலூரிலே பிறந்தார் ஒருவரும் சிதம்பரத்திலே வாழ்ந்தார் ஒருவருமாகிய எழுத்தாளர் இருவர் இதற்குச் சான்றாவர்.

புதுமைப்பித்தன் 1906-ஆம் ஆண்டு கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்தார். விருத்தாசலம் என்னும் அவரது இயற்பெயரே இம்மாவட்டத்துத் தலமொன்றன் பெயராகும். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின், 1918-இல் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. பன்னிரண்டாம் வயதிற் சேர்ந்த அவ்வூரே, பின்னர்ச் சென்னையிலிருந்து எழுதிய காலத்தும் அவர் நெஞ்சில் நின்றது. பிறந்த ஊரே சொந்த ஊராதல் வேண்டும் என்னும் நியதியில்லை. எவ்வூர்ப் பேச்சு நாவிற் படிந்ததோ அதுவே சொந்த ஊர் என்க.

1943-இல் வெளிவந்த 'செல்லம்மாள்' என்னுங் கதையைக் காண்போம். ஜவுளிக்கடையில் வேலைபார்க்கும் கணவர், நோயுற்ற மனைவி, இருவரும் சென்னையில் ஒதுங்கி வாழ்கின்றனர். ஊருக்குப் போய்வர வேண்டுமென்றும், ஊர் அரிசியும் ஊர்ப் பண்டமும் வேண்டுமென்றும் அவள் விரும்புகிறாள். கையிலோ பொருளில்லை, சென்னையிலேயே உயிர் துறக்கிறாள். திருநெல்வேலியைக் கண்ணாற் காணாதாரும் இதனைப் படிக்குங்கால் தத்தம் ஊரை நினைப்பர். விடுதியில் வாழும் கடலூர் மாணவனுக்குத் துறைமுகத்து மீன்வாடையும், சிதம்பரத்து மாணவனுக்குக் கத்தரிக்காய்க் கொத்சும் நினைவுக்கு வாராவோ?

இனி, சிதம்பரத்தில் நெடுநாள் வாழ்ந்த மௌனியை நோக்குவோம். 'அழியாச்சுடர்' என்னுங் கதையிலே கோயிலும் இருளும் யாளியும் உள; ஊர்ப்பெயர் இல்லை. பெயரின்மையால் குறைவொன்றும் இல்லை. தில்லையிற் பிறந்தான் அதனைத் தன் ஊர்க் கோயிலென்றே கொள்வான். பிறிதோர் ஊரான் தன் ஊர்க் கோயிலென்பான். முன்னவர் ஊரைப் பேச்சாலே காட்டினார். பின்னவர் பெயரே சொல்லாது காட்டினார். இருவரும் புகழ்மொழியை நாடினாரல்லர்.

நிற்க. ஏக்கம் இனிதென்பதனால் ஊரின் குறையை மறத்தல் தகுமோ? புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி'யில், வாசவன்பட்டி மருதி என்னும் ஏழைப்பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்கிறாள். வறுமையும் கொடுமையுமே அவளை ஊரினின்று தள்ளின. செல்லம்மாள் ஏங்கிய திருநெல்வேலிச் சீமையும் மருதியைத் துரத்திய சீமையும் ஒன்றே. அவ்விரண்டையும் ஒரே கை எழுதியது.

கல்லூரி இதழ்களில் ஊர்ப்பெருமை எழுதும் நம்மனோர் இதனை மனத்திற் கொள்ளல் நன்று. கோபுரத்தையும் ஆற்றையும் போற்றுவது எளிது. அக்கோபுர நிழலில் வாழ இடமின்றி வெளியேறினார்க்கும் அது சொந்த ஊரேயன்றோ? அவர்தம் ஏக்கத்துக்கும் இடந்தரும் எழுத்தே மெய்யான ஊர் நினைவை எழுப்பும். ஏனையது வெறும் புகழுரையாய் ஒழியும்.