ஸ்டோரி 24 மணி நேரம், நாய்க்கு 12 வருஷம்

ஹாஸ்டல் மெஸ் பின்பக்கம் ஒரு நாய் குட்டி போட்டா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஒரு மணி நேரத்துல பத்து பேர் ஸ்டோரி போடுவாங்க. "ப்ளீஸ் அடாப்ட்"னு எல்லாரும் ஷேர் பண்ணுவாங்க. மறுநாள் அந்த ஸ்டோரி எல்லாம் மறைஞ்சிடும். குட்டிகள் மட்டும் அங்கேயே இருக்கும்.

நானும் அப்படி ஷேர் பண்ணினவன்தான். செகண்ட் இயர்ல ஒரு காப்பகத்திலிருந்து நாட்டு நாய் ஒன்றை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். பேர் மணி. அம்மா முதல் வாரம் வாசலைத் தாண்ட விடல. இப்போ அம்மாவோட கட்டிலுக்குக் கீழதான் அவன் தூங்கறான். அந்த நன்றிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

குட்டிகளோட விளையாடலாம்னு நினைச்சுப் போனவன் கையில, அங்கே வேலை செய்யற அக்கா துடைப்பமும் பினாயிலும் கொடுத்தாங்க. "கொஞ்சறதுக்கு நிறைய பேர் வர்றாங்க தம்பி, கழுவத்தான் ஆள் இல்ல"ன்னாங்க. கூண்டு கழுவறது, கோழிக் கால், தலை போட்டு அண்டாவுல சோறு வேக வைக்கறது, உண்ணி எடுக்க நாயைப் பிடிச்சுக்கறது, இதுதான் வாலன்டியர் வேலை. இதை யாரும் போட்டோ எடுக்கறதில்லை.

காசு விஷயமும் அப்படித்தான். போன வருஷம் சிம்போசியத்துல காப்பகத்துக்காக ரோஸ்மில்க் ஸ்டால் போட்டோம். ஒரே நாளில் 6,400 ரூபாய். எல்லாருக்கும் சந்தோஷம். அந்த உற்சாகத்துல "மாசம் 50 ரூபாய்"னு ஒரு குரூப் ஆரம்பித்தோம். முதல் மாதம் 43 பேர் அனுப்பினாங்க. நாலாவது மாதம் 17 பேர். அதாவது 2,150 ரூபாய் 850 ஆகிடுச்சு. விட்டுப்போனவங்க யாரும் கெட்டவங்க இல்ல, மறந்துட்டாங்க, அவ்வளவுதான். ஆனா நாய்க்கு தினமும் பசிக்குமே! ஒரு நாள் வசூலை நம்பி எந்தக் காப்பகமும் சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாது. அதனால என் கருத்து இதுதான்: ஒரு தடவை 500 கொடுக்கறதை விட மாசம் 50 கொடுங்க. காசு எங்கே போகுதுன்னு கேளுங்க, கேட்கணும். பில் எல்லாம் குரூப்ல போடறோம்.

"நாய்க்குக் காசா? என்னைக் கடிச்ச நாய்க்கா?"ன்னு ஒரு ஜூனியர் கேட்டான். அவன் கேட்டது நியாயம். ரேபிஸ் அறிகுறி வந்துட்டா பிழைக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம். அவன் எல்லா ஊசியும் போட்டு முடிக்கிற வரைக்கும் அவங்க வீட்டுல நிம்மதி இல்ல.

2023-இல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, தெருநாயைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விடணும். 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், பஸ் ஸ்டாண்டுகள், ரயில் நிலையங்களில் பிடிக்கிற நாய்களைத் திரும்ப அங்கேயே விடக்கூடாது, காப்பகத்தில் வைக்கணும்னு உத்தரவிட்டது. நம்ம கேம்பஸும் கல்வி நிறுவனம்தான். இந்த உத்தரவு சரியா தப்பான்னு கேன்டீன்ல சண்டை போடலாம், நானும் போட்டிருக்கேன். ஆனா நாய் கேம்பஸ்ல இருக்கக்கூடாதுன்னு நினைக்கிறவங்களுக்கும் காப்பகம் வேணும், நாய் நல்லா இருக்கணும்னு நினைக்கிறவங்களுக்கும் காப்பகம் வேணும். நான் போற இடத்துல இப்பவே ஒரு கூண்டுல மூணு நாய் இருக்கு.

இன்னொண்ணு. நாய் சினையாகி ரெண்டு மாசத்துல குட்டி போட்டுடும். குட்டிகளுக்கு வீடு தேடறதை விட, ஒரு பெண் நாய்க்குக் கருத்தடை பண்ண உதவறது பெரிய விஷயம். குட்டி போட்டோ அளவுக்கு அதுக்கு லைக் வராது, பரவாயில்ல.

அப்போ எல்லாரும் ஒரு நாய் வளர்க்கணுமா? வேண்டாம். எனக்கு பெங்களூருல வேலை கிடைச்சிருக்கு. ஜூன்ல கிளம்பிடுவேன். மணியை அம்மாதான் பார்த்துக்கப் போறாங்க. அம்மா இல்லேன்னா அவனை எடுத்தது நான் பண்ணின பெரிய தப்பா ஆகியிருக்கும். நாட்டு நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். நம்ம கோர்ஸ் நாலு வருஷம்தான். ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டு நாய் எடுக்காதீங்க. ஞாயிற்றுக்கிழமை வந்து கழுவிட்டுப் போங்க, அது போதும்.

இப்போ இருக்கிற 17 பேர்ல 9 பேர் ஃபைனல் இயர். நாங்க போயிட்டா மிச்சம் 8 பேர். இந்தக் குரூப்பை நடத்த தேர்ட் இயர்லயோ செகண்ட் இயர்லயோ ஒரு ஆள் வேணும். நாய்களைப் பிடிக்கலேன்னாலும் பரவாயில்ல. மாசம் முதல் தேதி எல்லாருக்கும் மறக்காம மெசேஜ் போடத் தெரிஞ்சா போதும்.