நாலு பேரும் ஒருத்தரும்

டிஸ்கி: சாமியே இல்லைங்கிற நண்பர்கள் இதைத் தாண்டிப் போயிடலாம். பூசைக்குப் போற நம்மாளுங்க மட்டும் கொஞ்சம் நில்லுங்க, உங்களோடதான் சண்டை :-)

ரெண்டு வாரம் முன்னாடி சாந்தோம் கோயில்ல காலைப் பூசை முடிஞ்சு வெளியே வந்தேன். அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் பிடிச்சுக்கிட்டார். கம்பெனி, சம்பளம், ஆன்சைட் வாய்ப்பு எல்லாம் விசாரிச்சு முடிச்சுட்டு, குரலை இறக்கி, "தம்பி, நாமெல்லாம் ஆர்.சி. தான், இருந்தாலும் நாலு பேர் கேப்பாங்க பாருங்க... நீங்க என்ன ஆளுங்க?" என்றார்.

நான் சொன்னேன். டக்குனு, ஒரு நொடிகூட யோசிக்காம சொன்னேன். அவருக்கும் திருப்தி. பத்து நிமிஷம் முன்னாடி ரெண்டு பேரும் ஒரே வரிசையில நின்னு நற்கருணை வாங்கியிருந்தோம்.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அந்த 'டக்குனு' தான் உறுத்திச்சு.

மனுஷங்க மெச்சணும்னு வாழாதே, கடவுள் மெச்சணும்னு வாழுன்னு எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! உதாரணம் மட்டும் எப்பவும் ஒண்ணுதான். ஆபீஸ்ல கேலி பண்ணினாலும் ஜெபம் பண்ணு, நண்பர்கள் கூப்பிட்டாலும் தண்ணியடிக்கப் போகாதே. சரி, நல்ல விஷயம்தான். ஆனா நம்ம ஊர்ல மனுஷங்களுக்குப் பயப்படுறதுன்னா முதல்ல எங்க பயப்படுறோம்? கல்யாணத்துல. சொந்தக்காரங்க முன்னாடி. ஜாதியில. அதை மட்டும் பிரசங்கத்துல தொடுறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். தொட்டா அடுத்த திருவிழாவுக்கு வரி குறையும்.

இது ஒண்ணும் பைபிள்ல இல்லாத விஷயம் இல்லை. கலாத்தியருக்கு பவுல் எழுதின கடிதத்தோட முதல் அதிகாரத்துல கேள்வியே இதுதான்: யாருக்குப் பிடிக்கணும்னு வேலை பாக்குறோம்? அடுத்த அதிகாரத்துல அவரே உதாரணம் கொடுக்குறார். அந்தியோக்கியாவில் பேதுரு யூதரல்லாதவங்களோட ஒரே பந்தியில சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். எருசலேம்ல இருந்து யாக்கோபு தரப்பு ஆளுங்க வந்ததும் மெதுவா எழுந்து விலகிட்டார். கொள்கை மாறல, 'நாலு பேர்' வந்துட்டாங்க, அவ்வளவுதான். பவுல் அவரை எல்லார் முன்னாடியும் நேருக்கு நேர் கேட்டுட்டார். கவனிங்க, சண்டை சினிமாவைப் பத்தி இல்ல, யாரோட உக்காந்து சாப்பிடுறோம்ங்கிறதைப் பத்தி!

"ஜாதி வேற, மதம் வேற, அது நம்ம பண்பாடு தம்பி" என்பாங்க. இந்த வாதத்துக்கு 400 வயசு. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, மற்ற பாதிரியார்களை விட்டுத் தனியா வாழ்ந்தார். பூணூல், குடுமியெல்லாம் சமூக வழக்கம்தான்னு வாதாடினார். போப் 15-ம் கிரகோரி 1623-ல் அதை அனுமதிச்சார். அவர் 1656-ல் செத்துப்போனது இதே மயிலாப்பூர்ல. அவரோட தமிழுக்கும் துணிச்சலுக்கும் எனக்கு மரியாதை உண்டு. கிறிஸ்துவை ஊர் ஏத்துக்கணும்ங்கிற நல்ல எண்ணம்தான். ஆனா ஊர் ஏத்துக்கிறதுக்கு விலை ஒண்ணு இருக்கு, அதை யாரோ கட்டணும்.

யார் கட்டினாங்கன்னு பாக்கணும்னா வடக்கன்குளத்துக்குப் போகணும். 1872-ல் அங்கே கட்டின கோயில் கால்சட்டை மாதிரி. ஒரு பீடம், ரெண்டு கால், நடுவுல தடுப்பு. இந்தக் கால்ல உயர்ஜாதி, அந்தக் கால்ல மத்தவங்க. பீடத்துல நிக்கிற சாமியாருக்கு ரெண்டு பக்கமும் தெரியும், இவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்க வேண்டாம். (எந்த டிசைன் ரிவ்யூல இதுக்கு அப்ரூவல் கொடுத்தாங்களோ!) தடுப்பை இடிச்சது 1910-ல். இடிச்சதை எதிர்த்து உயர்ஜாதி கிறிஸ்தவர்கள் மதராஸ் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோத்தாங்க.

இதே வடக்கன்குளத்துலதான் 1745-ல் திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனார். அரண்மனை, சொந்தம், ஊர்னு 'நாலு பேர்' மொத்தமா எதிர்த்தாங்க. எருமை மேல பின்பக்கமா உக்கார வெச்சு ஊர்வலம் விட்டாங்க. 1752-ல் ஆரல்வாய்மொழி காட்டாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. 2022 மே 15-ல் ரோம் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தப்ப, பலர் எதிர்ப்பு சொன்னதால 'பிள்ளை'யை எடுத்துட்டுத்தான் பேரை வாசிச்சாங்க. நம்ம சுவரொட்டிக்காரங்க சிலருக்கு அதுவே வருத்தம்.

நம்ம தோமையாரையே எடுத்துக்குங்க. பத்து பேர் "பாத்தோம்"னு சொன்னப்ப, ஆமாம் போட்டு கூட்டத்தோட சேர்ந்திருக்கலாம். நம்பாதப்ப நம்புறேன்னு நடிக்கலை. அந்த மனுஷனோட கல்லறைக்கு மேல கட்டின கோயில் வாசல்ல நின்னுதான் நான் என் ஜாதியைச் சொன்னேன்.

அன்னிக்கு ராத்திரி கல்யாண சைட்ல என் விவரத்துல இருந்த ஜாதி கட்டத்தைக் காலி பண்ணினேன். அம்மா மறுநாளே கண்டுபிடிச்சுட்டாங்க. "அப்ப எவன் பொண்ணு குடுப்பான்? நாலு பேர் என்ன நினைப்பாங்க?" நல்ல கேள்வி. பதில் கையில இல்ல. அதுக்கப்புறம் சாப்பாடு டேபிள்ல மூடி வெச்சிருக்கு, அம்மா பக்கத்துல இல்ல.

நாளைக்கு ஞாயிறு. பெரியவர் வருவார். "அன்னிக்கு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் அங்கிள், அந்தக் கேள்விக்கு நான் பதிலே சொல்லியிருக்கக் கூடாது"ன்னு சொல்லணும். கண்ணாடி முன்னாடி மூணு தடவை சொல்லிப் பாத்துட்டேன். 'அங்கிள்' வரைக்கும் நல்லா வருது.