ரத்தப் பரிசோதனைக்கூடத்தை நடத்தக் கற்றவர் யார்?

நம் நாட்டு மருத்துவமனைகளில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் நிர்வாகப் பொறுப்பு ஒருவரிடம் வந்து சேருகிற விதம் பெரும்பாலும் ஒன்றுதான். பல வருஷம் மைக்ராஸ்கோப்பின் முன் அமர்ந்து கண் பழகியவர், எந்த இயந்திரம் எந்த வேளையில் முரண்டு பிடிக்கும் என்று அறிந்தவர், சந்தேகமான ரிப்போர்ட் வந்தால் டாக்டர்கள் பெயர் சொல்லித் தேடுகிற அளவுக்குக் கைத்திறன் வாய்ந்தவர் எவரோ, அவரை ஒரு நாள் அழைத்து, "இனி லேபை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். திறமைக்குச் செய்கிற மரியாதை என்ற அளவில் இதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் மறுநாள் காலை முதல் அவர் செய்ய வேண்டிய காரியங்களில் பெரும்பகுதி அவர் அதுகாறும் பழகிய காரியமே அன்று.

இரவு டியூட்டிக்கு யாரைப் போடுவது, காலாவதித் தேதி நெருங்குகிற ரீஏஜென்டை, அதாவது பரிசோதனை ரசாயனத்தை, எப்படித் தீர்ப்பது, வார்டு நர்ஸுக்கும் ரத்தம் எடுக்கிற இளைஞனுக்கும் மூண்ட வாக்குவாதத்தில் யார் பக்கம் நியாயம், கம்பெனி இன்ஜினியர் வந்து சேரும் வரை அவசரப் பரிசோதனைகளை எங்கே அனுப்புவது, நேற்று வேலையில் சேர்ந்தவனைத் தனியே விடலாமா கூடாதா என்பவையெல்லாம் அவருடைய மேஜைக்கு வருகின்றன. டிப்ளமோ படித்தவர்களுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுத்தவர் இல்லை. நோய்க்குறியியலில் மூன்று வருஷம் எம்.டி. பயின்ற டாக்டருக்கும் உயிரணுக்களின் உருவமாற்றம் அத்துபடியாகிறதே அல்லாமல், பத்துப் பேரை வைத்து ஒரு கூடத்தை நடத்துகிற வித்தை பாடத்திட்டத்தின் ஓர் ஓரத்தில் ஒதுங்கி நின்றுவிடுகிறது.

இதனால் என்ன கெட்டுவிட்டது, இயந்திரம்தான் எல்லாவற்றையும் செய்துவிடுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இத்தாலியின் பதுவா நகர மருத்துவமனையில் அவசரப் பரிசோதனைக்கூடத்தில் நேர்ந்த பிழைகளை எண்ணிப் பார்த்து ப்ளெபானி, கர்ராரோ என்னும் இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வு அவர்களுக்குத் தக்க விடை. பிழைகளில் ஏறத்தாழ 68 சதவீதம் ரத்தம் இயந்திரத்தை அடைவதற்கு முன்பே நிகழ்ந்தவை. ரிப்போர்ட் கைமாறுகையில் நேர்ந்தவை 18 சதவீதத்துக்குச் சற்று மேல். பரிசோதனையில் நேர்ந்தவையோ 13 சதவீதந்தான். பத்து வருஷம் கழித்து அதே கூடத்தில் மறுபடி எண்ணியபோதும் இயந்திரத்துக்கு முந்தைய பிழைகளின் பங்கு 62 சதவீதத்தை ஒட்டியே நின்றது. ஆக, மனிதர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் காரியத்தை மாற்றுகிற இடங்களில்தான் தவறு குடியிருக்கிறது. அந்த இடங்களைச் சீர்செய்வதே நிர்வாகியின் தொழில்.

ஒரு பொட்டாசியம் பரிசோதனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில், நரம்பு கிடைக்காத ஒரு நோயாளியிடமிருந்து மெல்லிய ஊசியால் ரத்தத்தை வலிந்து இழுத்து, அதே ஊசி வழியாகவே குழாய்க்குள் பீய்ச்சுகிறார்கள். சிவப்பணுக்கள் உடைகின்றன, அவற்றினுள்ளே மிகுந்திருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து சீரத்தில் கலக்கிறது, இயந்திரம் 6.8 என்று காட்டுகிறது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. குழாயில் இருந்ததைச் சொல்லிற்று. அந்த எண்ணை நம்பினால், இருதயம் நின்றுவிடுமோ என்று அஞ்சி டாக்டர் தேவையற்ற சிகிச்சையைத் தொடங்கக்கூடும். நல்ல காலமாக, தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் செந்நிறம் பாய்ந்திருப்பதை அங்கே தனியே இருக்கும் இளம் டெக்னீஷியன் பார்த்துவிடுகிறான். வார்டுக்குப் போன் செய்து, "இந்த சாம்பிள் சரியில்லை, சிஸ்டர், வேறு எடுத்து அனுப்புங்கள்" என்று அவன் சொல்வானா, மாட்டானா? சென்ற மாதம் இப்படிச் சொன்னதற்காக வார்டிலிருந்து புகார் வந்து, அதை விசாரிக்காமலேயே மேலதிகாரி அவனைக் கடிந்துகொண்டிருந்தால், அவன் வாய் திறக்க மாட்டான். ரிப்போர்ட் போய்விடும்.

தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். குறையை எடுத்துச் சொல்கிறவனுக்கு அங்கே இடம் உண்டா என்பதே கேள்வி. இன்னொரு காட்சி. காலையில் கண்ட்ரோல் ஓட்டுகிறார்கள், அதாவது அளவு முன்பே தெரிந்த மாதிரியை இயந்திரத்தில் இட்டு அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். லெவியும் ஜென்னிங்ஸும் 1950இல் வகுத்துத் தந்த வரைபடத்தில் புள்ளி எல்லைக்கோட்டுக்கு வெளியே விழுகிறது. வெளியே வெறும் வயிற்றோடு நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். புள்ளி கோட்டுக்குள் வந்து விழும் வரை திரும்பத் திரும்ப ஓட்டி, வந்த ஒன்றை மட்டும் குறித்துக்கொள்கிற வழக்கம், கோபக்காரத் தலைவரின் கீழ்தான் செழித்து வளர்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலைப் பட்டியலில் ஒரு மாதத்து எண்களும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தால் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். தணிக்கைக்கு வருகிறவர்களுக்கும் தெரியும்.

பயிற்சி வேண்டும் என்றால் எத்தகைய பயிற்சி என்பதையும் சொல்ல வேண்டும். நட்சத்திர ஹோட்டலில் ஒரு நாள் கூட்டி, ஆளுமை வளர்ச்சி பற்றிப் படம் காட்டி, மத்தியானச் சாப்பாடும் சான்றிதழும் கொடுத்து அனுப்புவது பயிற்சி ஆகாது. ஆப்பிரிக்க நாடுகள் இவ்விஷயத்தில் நமக்கு முன்னே போயிருக்கின்றன என்பதை நம்மவர் பலர் அறியார். 2008 ஜனவரியில் மொசாம்பிக்கின் தலைநகர் மபூட்டோவில் கூடிப் பரிசோதனைக்கூடங்களை வலுப்படுத்தும் பிரகடனத்தைச் செய்துவிட்டு, மறு வருஷமே ருவாண்டாவின் கிகாலியில், கூடத்து மேலாளர்களை அங்கீகாரத்துக்கு ஆயத்தப்படுத்தும் எஸ்.எல்.எம்.டி.ஏ. என்னும் திட்டத்தை ஆரம்பித்தார்கள். அதன் சிறப்பு மூன்று வகுப்புத் தொடர்களில் இல்லை, அவற்றுக்கு நடுவிலுள்ள மாதங்களில் இருக்கிறது. மேலாளர் தம் கூடத்துக்குத் திரும்பிப் போய், திருப்பி அனுப்பப்படும் சாம்பிள்கள் எத்தனை, ரிப்போர்ட் தர ஆகும் நேரம் எவ்வளவு என்று தாமே அளந்து, தம் ஆட்களைக் கொண்டே ஒரு குறையையாவது குறைத்து, அந்தக் கணக்கோடு அடுத்த வகுப்புக்கு வர வேண்டும். முன்னும் பின்னும் ஒரே அளவுகோலால் மதிப்பிட்டு, நட்சத்திரமே இல்லாத நிலை முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் குறிக்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு நட்சத்திரமும் பெறாத கூடங்களே மிகப் பல. பணவசதி மிக்க தேசங்களுமல்ல அவை.

நம் நாட்டிலோ மருத்துவப் பரிசோதனைக்கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 என்னும் சர்வதேச நியமம் இருக்கிறது. அதன்படி ஆராய்ந்து அங்கீகாரம் வழங்க என்.ஏ.பி.எல். என்னும் அமைப்பு இருக்கிறது. நியமத்தின் 2022ஆம் வருஷத்துத் திருத்திய பதிப்பு, நோயாளிக்கு நேரக்கூடிய அபாயத்தை முன்கூட்டி எண்ணிச் செயல்படும் கடமையை முன்னைவிட அழுத்தமாகவே கூடத்தின்மேல் சுமத்துகிறது. நியமம் நல்லதுதான். ஆனால் ஆலோசகர் ஒருவரை அமர்த்தி, ஆய்வாளர் வருவதற்கு முந்தைய வாரத்தில் கோப்புகளைத் தயாரித்து வைக்கிற இடங்களில், அந்த நல்ல நியமத்தால் நோயாளிக்கு என்ன பிரயோஜனம்?

ஆள் பற்றாக்குறையில் பயிற்சிக்கு அனுப்ப ஏது அவகாசம் என்ற ஆட்சேபத்தை நான் லேசாக எண்ணவில்லை. எனினும் கெட்டுப்போன சாம்பிளை மறுபடி எடுக்கவும், வீணான ரீஏஜென்டை மறுபடி வாங்கவும், மனம் வெறுத்து விலகிப் போன டெக்னீஷியனுக்குப் பதிலாக ஒருவனைப் பழக்கவும் செலவாகும் காலத்தையும் பணத்தையும் எந்தப் பேரேட்டிலும் தனியே எழுதி வைப்பதில்லை. எழுதினால் பயிற்சியே மலிவு என்று விளங்கும்.

ஆகவே நம் சுகாதாரத்துறைக்கும், ஊருக்கு ஊர் கிளை பரப்பும் தனியார் கூடங்களின் உரிமையாளர்களுக்கும் என் வேண்டுகோள் இது: பரிசோதனைக்கூடப் பொறுப்பைக் கொடுப்பதற்கு முன், அவரவர் கூடத்திலேயே செய்து காட்டுகிற ஆறு மாதப் பயிற்சி ஒன்றை நியமனத்தின் நிபந்தனையாக்குங்கள், ஏற்கெனவே பொறுப்பில் இருப்பவர்களையும் முறை வைத்து அதற்கு அனுப்புங்கள். அவர்களில் பெரும்பாலோர் இதை அவமானமாக நினைக்க மாட்டார்கள். இவ்வளவு காலம் யாரும் கேட்கவில்லையே என்றுதான் நினைப்பார்கள்.