நாண் அறுகிற வரை காத்திருக்கும் புத்திசாலிகளுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் நாற்பது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், இப்போது ஒரு பத்து நிமிஷம் உட்காருங்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் நாலு நாளாக ஒரு விவாதம் ஓடுகிறது. மிச்சிகனில் இருக்கும் நம் பையன் ஒருவன் தன் காம்பவுண்ட் வில்லைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். கேபிள் ஒன்றில் ஓர் இழை அறுந்து மேலே எழுந்து நிற்கிறது. அக்டோபர் 1 அன்று அங்கே வில் வேட்டை சீசன் தொடங்குகிறது, இந்த ஒரு வருஷம் ஓட்டிவிடலாமா என்று கேட்டிருந்தான். அவனுக்கு நீங்கள் எழுதிய பதில்களைப் படித்தேன். "இருபத்துநாலு இழையில் ஒண்ணுதானே போச்சு." "மெழுகைத் தேய்ச்சு விடு மச்சான்." "எண்பது சதவீதம் லெட்-ஆஃப் இருக்கு, கேபிளுக்கு என்ன பாரம் வரப்போகுது?" ஒருவர் மட்டும், அவர் பெண்பிள்ளை, "கடையில் காட்டுங்கள் அண்ணா" என்று எழுதியிருந்தார். அவருக்கு மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறீர்கள். சிரித்த மூவரும் என்னிடம் அறிவியல் படித்தவர்கள் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இருபத்துநாலு இழைக் கணக்கு. அதை இருபத்துநாலு தனித்தனிக் கயிறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. காம்பவுண்ட் வில்லின் நாணும் கேபிளும் பெரும்பாலும் ஒரே நூல்தான். இரண்டு முளைகளுக்கு நடுவே அந்த ஒரே நூலைத் திரும்பத் திரும்பச் சுற்றி, முறுக்கி, தேய்கிற இடங்களில் மேலே இன்னொரு நூலால் காப்புச் சுற்று சுற்றுகிறார்கள். அந்தச் சுற்றுக்கு செர்விங் என்று பெயர். ஒரே நூல் என்பதால் எங்கே அறுந்தாலும் இரண்டு நுனி கிடைத்துவிடுகிறது. அந்த நுனிகளைப் பிடித்து வைத்திருப்பது முறுக்கும் செர்விங்கின் இறுக்கமும் மட்டும்தான். அதுவுமில்லாமல் ஓர் இழையை அறுத்த பொருள் பக்கத்து இழைகளைக் கும்பிட்டுவிட்டா போயிருக்கும்? அவற்றிலும் கீறல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இருபத்துநாலில் ஒன்று கழித்தால் இருபத்துமூன்று என்பது இரண்டாம் வகுப்புக் கணக்குக்குச் சரி, இந்தக் கேபிளுக்குச் சரியில்லை.

அடுத்தது லெட்-ஆஃப். இதைச் சொன்னவர் பொறியாளர், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே கோபம் வந்தது. எழுபது பவுண்டு வில்லை முழுதும் இழுத்தபின் எண்பது சதவீதம் லெட்-ஆஃப் என்றால் கையில் மிஞ்சுவது பதினாலு பவுண்டு. ஆறரைக் கிலோ கூட இல்லை, வாஸ்தவம். ஆனால் மிச்ச பாரம் ஆவியாகப் போய்விட்டதா? வில்லின் இரு முனைகளிலும் இருக்கும் லிம்ப்கள் அந்த நொடியில்தான் மிக அதிகமாக வளைந்திருக்கின்றன. அவற்றை வளைத்துப் பிடித்திருப்பது யார்? நாணும் கையும் இளைப்பாற, பாரம் முழுவதையும் கேபிள்கள் சுமக்கின்றன. கேம் என்கிற அந்தக் கோணல் சக்கரத்தின் வேலையே அதுதான். கப்பியும் நெம்புகோலும் கரும்பலகையில் படம் போட்டு நடத்தினேனே, நினைவிருக்கிறதா? கைக்குச் சுகமாக இருக்கிற அந்த நேரம்தான் கேபிளுக்குக் கொடுமையான நேரம். அது அப்போது அறுந்தால் உங்கள் முகம் எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நாண் கன்னத்தை ஒட்டி இருக்கிறது. கண்ணுக்கும் நாணுக்கும் நாலு விரற்கடை.

மிசௌரியைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966-ல் இந்த வில்லுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1969-ல் கிடைத்தது. அதற்கு முன்பு பல்லாயிரம் வருஷமாக மனிதன் வைத்திருந்த வில்லில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. வேலை முடிந்தால் நாணை இறக்கிவிடுவான். நாணேற்றுதல் என்று தமிழில் ஒரு சொல்லே இருப்பது அதனால்தான், எப்போதும் ஏறியே இருந்தால் ஏற்றுவதற்கு என்ன இருக்கிறது? காம்பவுண்ட் வில்லில் நாணை இறக்குவது கிடையாது. சுவரில் தொங்கும்போதும் அது இறுகித்தான் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். "போன வருஷம் ரெண்டு மான்தான் அடிச்சேன், வில் புதுசு மாதிரியே இருக்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அய்யா, மான் இரண்டுதான். பயிற்சி அம்புகளை எண்ணினீர்களா? வாரம் மூன்று நாள், நாளைக்கு முப்பது அம்பு, ஜூன் முதல் பதினாறு வாரம் என்றால் 1,440. இரண்டு கோடையில் மூவாயிரத்தை நெருங்குகிறது. அதோடு சும்மா தொங்கிய மணிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நூல் டைனீமா போன்ற வலிமையான பாலிஎத்திலீன். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடமும் அதே குடும்பம்தான், இது அதன் பட்டம் வாங்கிய அண்ணன். எடைக்கு எடை எஃகைவிட வலுவானது. ஆனால் குடும்பக் குணம் ஒன்று விடவில்லை. பாரத்தில் நாளடைவில் மெல்ல நீளும், சூட்டில் இன்னும் வேகமாக நீளும். நீளாமல் இருக்கத்தான் சில நூல்களில் வெக்ட்ரான் என்ற இன்னோர் இழையைக் கலக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டும் ஜூலை வெயிலில் காரின் பின்பெட்டியில் வில்லைப் பூட்டி வைப்பவர்களை என்ன சொல்ல?

மெழுகைப் பற்றி நான் எதிர்க்கட்சி இல்லை. மெழுகு வேண்டும். நாண் காய்ந்து, தொட்டால் சொரசொரவென்று பஞ்சு மாதிரி நுண்ணிழை எழும்பினால் மெழுகு பூசி, அதற்கான சூடு விரல்களுக்கு நடுவில் கிடைக்கிற அளவுக்குத் தேய்க்க வேண்டும். இழைகள் ஒன்றோடொன்று உரசாமல், ஈரம் ஏறாமல், ஒன்றாகச் சேர்ந்திருக்க அது உதவும். செர்விங் மேல் அப்ப வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நீண்டுபோன நாணை மெழுகு சுருக்காது, அறுந்த இழையை ஒட்டாது. நம் ஊர்க் கிணற்று வடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிசிறு எழும்பிய வடத்தைத் தண்ணீரில் நனைத்துத் தடவி விடுவார்கள். புரி அறுந்த வடத்தில் யாராவது ஆளைக் கட்டிக் கிணற்றில் இறக்கினார்களா?

என் மகள் வீடும் மிச்சிகன்தான். மாப்பிள்ளை பல வருஷமாக வில் பிடிப்பவர். போன கோடையில் நான் அங்கே இருந்தபோது, கீழ்க் கேம் பக்கத்தில் செர்விங் பிரிந்து இடைவெளி விழுந்திருக்கிறது என்று ஒரு கடைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். அங்கிருந்த பிள்ளை அரை நிமிஷம் பார்த்தான், மெழுகைப் பூசினான், "இந்த சீசன் தாங்கும்" என்றான், காசு வாங்கிக்கொண்டான். கேமை ஒரு தடவையாவது விரலால் தடவிப் பார்த்தானா என்றால் இல்லை. வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை செய்தது எனக்குப் பிடித்தது. ஒரு பஞ்சு உருண்டையை எடுத்துக் கேமின் ஓரத்திலும் நாண் ஓடும் பள்ளத்திலும் மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் பஞ்சு சிக்கி இழுபட்டது. எப்போதோ கல்லிலோ தரையிலோ இடித்து உலோகத்தில் ஒரு பிசிர் எழும்பியிருக்கிறது. புது நாண் போட்டிருந்தாலும் அது அதையும் தின்றிருக்கும். இந்தப் பரிசோதனைக்கு ஆகிற செலவு இரண்டு ரூபாய்ப் பஞ்சு. கடைக்கார அலட்சியத்துக்கு ஆன செலவைக் கேட்காதீர்கள். வேறொரு கடையில் கேமைச் சரிசெய்து, நாணும் கேபிளும் முழு செட்டாக மாற்றிக்கொண்டு வந்தார். ஒன்றை மட்டும் புதிதாக்கினால் ஒரு வயசு நூலும் மூன்று வயசு நூலும் ஒரே வண்டியில் பூட்டிய மாடுகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

தேய்வு ஒளிந்திருக்கும் இடங்கள் தெரிந்தவைதான். நாண் கேமில் வளைந்து ஏறும் இடம். கேபிள்களை அம்பின் பாதையிலிருந்து ஒதுக்கிப் பிடிக்கும் உருளை அல்லது தண்டின் பக்கம். அம்பை மாட்டும் டி-லூப். சைக்கிள் பிரேக் ஒயர் எங்கே அறும் என்று நினைவிருக்கிறதா? நடுவில் எங்கும் இல்லை, கைப்பிடிக்குள் வளையும் இடத்தில்தான், அதுவும் உறைக்குள் மறைவாக. வேட்டைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அம்பு முனையில் இருக்கும் பிராட்ஹெட் சவர பிளேடு மாதிரி. இருட்டில் பரண் மேல் உட்கார்ந்து அம்பை எடுக்கும்போது நாணில் லேசாகப் பட்டால் போதும். பரணுக்கு வில்லைக் கயிற்றில் கட்டி இழுக்கும்போது கிளையில் சிக்கி உரசுவதும் உண்டு.

குழுவில் ஒருவர் வீடியோ இணைப்பும் அனுப்பியிருக்கிறார். பிரெஸ் இல்லாமல், லிம்ப் போல்ட்டைத் தளர்த்தியே வீட்டில் நாண் மாற்றுவதாம். இப்போதைய குட்டை வில்களை அப்படித் தளர்த்தி நாணை எடுக்க முடியாது. போல்ட்டை எத்தனை சுற்றுக்கு மேல் தளர்த்தக் கூடாது என்று ஒவ்வொரு வில்லின் கையேட்டிலும் அச்சடித்திருக்கிறது. அதைத் தாண்டினால் லிம்ப் தெறித்து வெளியே வரும். வில்லை முறையாக அமுக்கிப் பிடிக்கிற பிரெஸ் இல்லாதவர்கள் கடைக்குத்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. செட்டுக்கும் கூலிக்கும் நூற்றைம்பது டாலர், கொஞ்சம் முன்னே பின்னே. ஆயிரம் டாலர் வில் வாங்கியவர்தான் இதற்குக் கணக்குப் பார்க்கிறார். சாதாரணமாக இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறார்கள், தினமும் எய்பவர்கள் வருஷா வருஷம். இழை அறுந்தால் வருஷக் கணக்கே கிடையாது, அன்றே எய்வதை நிறுத்த வேண்டும்.

இனி உறவுகளுக்கு. "சஷ்டி விரதம் இருக்கிற சித்தப்பா மான் அடிக்க வகுப்பெடுக்கிறாரே" என்று ஒரு குரல் கேட்டது. நம் நாட்டில் 1972-ம் வருஷ வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அந்தச் சட்டம் நல்ல சட்டம். மிச்சிகனில் உரிமம் வாங்கி, சீசனில், கணக்கு வைத்து அடிக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லைதான், மகள் வீட்டில் அந்தக் குழம்பு வைத்த நாளில் நான் தயிர்சாதம் சாப்பிட்டேன். ஆனால் அடிப்பதென்று முடிவு செய்தவனுக்கு ஒரு கடமை இருக்கிறது. மானின் நெஞ்சில் குறி வைக்கிற இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. நாண் நீண்டால் அதில் கோத்திருக்கும் பீப் சைட் என்ற சிறு வளையம் திரும்பிக்கொள்ளும், நல்ல நேரத்தில் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. கேபிள்கள் ஏறுக்குமாறாக நீண்டால் மேல்கேமும் கீழ்க்கேமும் ஒன்றாகச் சுற்றி முடிக்காது, அம்பு மேலோ கீழோ ஆட்டத்தோடு கிளம்பும். இருபது கஜத்தில் தெரியாத அந்தப் பிழை முப்பதில் தெரியும். அம்பு நெஞ்சைத் தவறவிட்டு வயிற்றில் பட்டால் மான் ஓடிவிடும். உடனே சாகாது. மணிக்கணக்கில் புதருக்குள் கிடந்து சாகும். நூற்றைம்பது டாலரை மிச்சம் பிடிக்க இதைச் செய்ய உங்களுக்கு யார் உரிமம் கொடுத்தது?

வேட்டையே வேண்டாம் என்பவர்களும் முழுதாக ஒதுங்க முடியாது. 2023-ல் பெர்லின் உலகப் போட்டியில் நம் பெண்கள் காம்பவுண்ட் அணிப் பிரிவில் தங்கம் வாங்கினார்கள், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் காம்பவுண்ட் கலப்பு இரட்டையர் வருகிறது. உங்கள் பேரன் பேத்திகள் பயிற்சிக்குப் போகிற இடத்தில் ஒரே வில்லைப் பத்துப் பிள்ளைகள் மாற்றி மாற்றி எய்கிறார்கள். அந்த நாணை எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். தேதி சொல்லத் தெரியவில்லை என்றால் பிள்ளையை அன்று எய்ய விடாதீர்கள். கட்டணம் கட்டுகிறவர்களுக்கு இதைக் கேட்கிற உரிமை உண்டு.

மிச்சிகன் தம்பி, உனக்கு. வில்லைச் சுவரில் மாட்டு, தொடாதே. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டுப் பார்க்கவும் கூடாது, அம்புக்குப் போக வேண்டிய வேகம் அத்தனையும் லிம்ப்புக்கும் கேபிளுக்கும் திரும்பும். திங்கட்கிழமை கடைக்குப் போ. கேமில் பஞ்சு ஓட்டிப் பார்க்கச் சொல், நீயே பக்கத்தில் நின்று பார். புது செட் போட்டதும் ஒரு நோட்டில் நாலு விஷயம் எழுதி வை: போட்ட தேதி, மேல் அச்சிலிருந்து கீழ் அச்சு வரை எத்தனை அங்குலம், பிடியிலிருந்து நாண் வரை எத்தனை அங்குலம், இழுவை எத்தனை பவுண்டு. மாதம் ஒரு தடவை அளந்து பார்த்தால் நாண் நீள்வது உன் கண்ணுக்கு முன்னாலேயே காகிதத்தில் தெரியும். புது நாண் படிந்து நிற்க நூறு அம்பாவது எய்ய வேண்டும், அதற்குப் பிறகு கேமையும் பீப்பையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள். அதற்குள் அக்டோபர் 1 தாண்டிவிட்டால் தாண்டட்டும், நவம்பர் 14 வரை நாள் இருக்கிறது. கடைக்குப் போய் வந்ததும் குழுவில் எழுது, சிரிப்புப் பொம்மை போட்ட மூன்று பேரும் படிக்கட்டும்.